கோர்னி க்ரூபா பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் கடிதம் வந்தது. உங்கள் குழுவில் பாடுகிற பெண் விலகிவிட்டதையும், மற்றவர்கள் இனி கல்யாண வரவேற்புகளில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை வாசித்தால் போதும் என்று நினைப்பதையும் எழுதியிருந்தாய். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் "இத்தனை வருஷமும் வீண்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்ல எனக்கு ஒரு யூகோஸ்லாவியக் குழுவின் கதை தேவைப்படுகிறது. நீ இருக்கிற வியன்னாவில் அந்த நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் வயதான யாரிடமாவது 'கோர்னி க்ரூபா' என்று சொல்லிப் பார், பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடியாது.

நான் கப்பலில் இருந்தபோது யூகோஸ்லாவியாவின் ரியெக்கா துறைமுகத்தில்தான் அந்தப் பெயரை முதலில் கேள்விப்பட்டேன். அப்போது குழு கலைந்து பல வருஷம் ஆகியிருந்தது. இசைத்தட்டுக் கடைக்காரர் அப்படியும் அதை எடுத்து மேலே வைத்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஹாம்மண்ட் ஆர்கன் என்கிற மின்சாரக் கீபோர்டும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போவதைக் கேட்க மொழி தேவைப்படவில்லை.

குழுவைத் தொடங்கியவர் கோர்னேலியே கோவாச். 1942-இல் நீஷ் நகரத்தில் பிறந்தவர். அப்போது ஊர் ஜெர்மானியர்களின் பிடியில் இருந்தது. முறையாக இசை படித்தவர், சாரயேவோவின் இந்தெக்ஸி குழுவில் கீபோர்டு வாசித்தார். இந்தெக்ஸி அன்றைக்கே பெரிய பெயர். அதை விட்டுவிட்டு 1968-இல் பெல்கிரேடில் தன் பெயரிலேயே ஒரு குழு ஆரம்பித்தார். 'கோர்னி' என்பது கோர்னேலியேயின் சுருக்கம். ஒருவர் பெயரில் நடக்கிற குழு என்பதை மனதில் வைத்துக்கொள், பின்னால் அது பெரிய விஷயமாகப் போகிறது.

பேஸ் கிட்டாருக்கு போயான் ஹ்ரெல்யாட்ஸ், டிரம்ஸுக்கு விளாதிமிர் ஃபுர்துய். இரண்டு பேரும் பெல்கிரேடின் எலிப்ஸே குழுவில் சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். கொஞ்ச காலத்தில் குரோஷியாவின் ஓசியெக் நகரத்திலிருந்து யோசிப் போச்செக் கிட்டாரோடு வந்து சேர்ந்தார். இந்த நால்வரும் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டால் உனக்கே தெரியும், யாரும் யாரையும் அமுக்குவதில்லை. ஃபுர்துயின் கை ஜாஸ் பழகிய கை. போச்செக்கின் கிட்டார் சத்தம் போட வேண்டிய இடத்தில் போடும், மற்ற நேரமெல்லாம் கோவாச்சின் ஆர்கனுக்கு வழிவிடும். நீ கீபோர்டு வாசிக்கிறவள் என்பதால் இதைச் சொல்கிறேன். கிட்டார்க்காரர் வழிவிடுகிற குழு அமைவது பெரிய கொடுப்பினை.

பாடகர்கள்தான் நிலைக்கவில்லை. துஷான் ப்ரெலேவிச், தாலிபோர் ப்ரூன், தாதோ தோபிச், ஸ்லாட்கோ பெயாகோவிச் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆறே வருஷம் இருந்த குழுவுக்கு இத்தனை குரல்! உங்களுக்கு இப்போது ஒரு குரல்தான் போயிருக்கிறது.

இவர்களில் தாதோ தோபிச்சைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போச்செக்கைப் போலவே இவரும் ஓசியெக்கின் தினாமிதி குழுவிலிருந்து வந்தவர். வரும்போது இருபது வயது. கரகரப்பும் உருக்கமும் சேர்ந்த குரல், இன்றைக்கும் அந்தப் பக்கத்தின் மிகச் சிறந்த ராக் குரல்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அவர் பாட மட்டும் வந்தவரில்லை, தானே பாட்டும் எழுதினார். கோவாச்சின் பெயரில், கோவாச்சின் இசைக்காக இருக்கிற குழுவில் அந்தப் பாட்டுகளுக்கு இடம் போதவில்லை. 1971-இல் விலகி ஸாக்ரெபுக்குப் போய் 'டைம்' என்ற குழுவைத் தொடங்கினார். அடுத்த வருஷமே யூகோதோன் நிறுவனம் அவர்களுடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அந்த நாட்டில் வெளிவந்த மிகச் சிறந்த ராக் தட்டுகளில் ஒன்று என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். அதன் கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு எனக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நீயே யோசி. தோபிச் போனது கோர்னி க்ரூபாவுக்கு நஷ்டம்தான். போகாமல் இருந்திருந்தால் அந்தத் தட்டு வந்திருக்குமா? உங்கள் பாடகி தன் பாட்டுகளைத் தானே பாடப் போகிறாள் என்றுதானே எழுதியிருந்தாய். அவள்மேல் கோபப்படாதே. நல்லபடியாகப் பேசி அனுப்பு.

சரி, அடுத்து நீ 'கல்யாணப் பாட்டு' என்று சொல்லி வெறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய யூகோஸ்லாவியாவில் இசைத்தட்டு நிறுவனங்கள் அரசு, சமூக நிறுவனங்களாக இருந்தன. ஸாக்ரெபில் யூகோதோன், பெல்கிரேடில் வானொலி தொலைக்காட்சியின் பி.ஜி.பி. நிறுவனம். நாட்டின் தலைவர் டிட்டோ 1948-இல் சோவியத் தலைவர் ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட பிறகு அந்த நாடு மேற்கத்திய இசைக்கு மற்ற கம்யூனிஸ்ட் நாடுகளைவிட அதிகமாகவே கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆனாலும் ஒரு ராக் குழு மக்களிடம் போய்ச் சேர ஓபாட்டியா, ஸாக்ரெப், ஸ்ப்ளிட் மாதிரி ஊர்களில் நடக்கும் மெல்லிசை விழாக்கள்தான் பெரிய வழி. அங்கே மூன்று நிமிஷப் பாட்டு வேண்டும், எல்லோரும் முணுமுணுக்கிற மாதிரி மெட்டு வேண்டும். கோவாச்சுக்கு அது நன்றாகவே வந்தது. 'த்ர்லா பாபா லான்' என்று ஒரு பழமொழியின் முதல் பாதியை எடுத்து ஒரு குறும்புப் பாட்டு போட்டார், நாடே பாடியது. இன்னொரு பக்கம் இதே ஆட்கள் நீண்ட, தாளம் மாறி மாறிப் போகிற இசையை எழுதி மேடையில் வாசித்தார்கள். 1971-இல் பிராங்கோ சோப்பிச் என்ற கவிஞரின் போர்க்காலக் கவிதைகளுக்கு இசையமைத்து '1941.' என்ற பெரிய படைப்பைத் தொலைக்காட்சிக்காகச் செய்தார்கள், யோசிபா லிசாட்ஸ் அதில் பாடினார். அது தட்டாக வெளிவந்தது 1979-இல், குழு கலைந்த பிறகு. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தட்டு 1972-இல் வந்தது. தீவிரமான முயற்சிகளை எல்லாம் அதில் வைத்தார்கள். விழாப் பாட்டுகள் தனியாகச் சின்னத் தட்டுகளில் வந்துகொண்டே இருந்தன.

இந்த இரட்டை வாழ்க்கைதான் குழுவைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. தீவிர ரசிகர்களுக்கு விழாப் பாட்டுகள் பிடிக்கவில்லை, விழாப் பாட்டு கேட்டு வந்தவர்களுக்கு நீண்ட இசை புரியவில்லை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னப் பாட்டுகளைக் கேவலமாகப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவற்றிலும் அதே ஹ்ரெல்யாட்ஸ், அதே ஃபுர்துய், அதே சுத்தமான வாசிப்பு. மூன்று நிமிஷம்தானே என்று யாரும் கையை விட்டுவிடவில்லை. வரவேற்பில் வாசிக்கப் போகிற உன் நண்பர்களும் நன்றாக வாசித்தால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. உனக்கு அது வேண்டாம் என்றால் வேண்டாம், அது வேறு.

பெயாகோவிச் 1972-இல் வந்தார், அவரும் ஓசியெக்காரர்தான். அவர் காலத்தில் இரண்டு பாதையும் ஒரே வருஷத்தில் உச்சிக்குப் போய் முட்டி நின்றன. 1974-இல் ஓபாட்டியா விழாவில் ஜெயித்து ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கிற யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு யூகோஸ்லாவியாவின் சார்பில் போனார்கள். கோவாச் எடுத்துப்போனது 'மோயா கெனெராட்ஸியா', போருக்கு நடுவில் 1942-இல் பிறந்த தன் தலைமுறையைப் பற்றிய பாட்டு. போட்டி நடந்தது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில், ஏப்ரல் 6-ஆம் தேதி. 1941-இல் அதே ஏப்ரல் 6-ஆம் தேதிதான் ஜெர்மன் விமானங்கள் பெல்கிரேடின்மேல் குண்டு போட்டன. 33 வருஷம் கழித்து அதே நாளில் அந்தப் பிள்ளைகள் ஐரோப்பாவின் முன்னால் நின்று பாடினார்கள். கிடைத்தது 6 புள்ளி. 17 நாடுகளில் 12-ஆவது இடம். அன்று ஜெயித்தது ஸ்வீடனின் ஆபா.

அதே வருஷம் இத்தாலியின் ரிக்கோர்டி நிறுவனம் அவர்களுடைய இன்னொரு தட்டை வெளியிட்டது. வெளிநாட்டுக்காக 'கோர்னெலியன்ஸ்' என்று பெயர் மாற்றி, ஆங்கிலத்தில் பாடி, 'நாட் அன் ஆர்டினரி லைஃப்' என்று தலைப்பு வைத்தார்கள். பிரைட்டனில் பாடிய அதே பாட்டு இதில் நீண்டு, கனத்து, வேறொரு உருவத்தில் இருக்கிறது. நீ கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தத் தட்டைத்தான். ஆர்கனும் கிட்டாரும் அத்தனை கட்டுக்கோப்பாக, அத்தனை ஆவேசமாகப் போகும். ஆனால் லண்டனிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அந்த மாதிரி இசை குவிந்துகொண்டிருந்த நேரம் அது. பெல்கிரேடிலிருந்து வந்த ஐந்து பேரைத் தேடி வாங்க வெளியே ஆள் இல்லை.

உள்ளூரிலும் காற்று மாறிவிட்டது. சாரயேவோவில் கோரான் ப்ரெகோவிச்சின் 'பியெலோ தூக்மே' குழு அந்த வருஷம்தான் தன் முதல் தட்டைக் கொண்டுவந்தது. கிராமத்து மெட்டும் கனமான கிட்டாரும் கலந்த இசை. கோர்னி க்ரூபா கனவில்கூடப் பார்க்காத கூட்டம் அவர்களுக்குச் சேர்ந்தது. 1974-இலேயே கோவாச் குழுவைக் கலைத்தார். வெளிநாடும் கிடைக்கவில்லை, உள்ளூரும் வேறு பக்கம் திரும்பிவிட்டது. எல்லாவற்றையும் ஒருவர் தோளிலேயே சுமந்தும் ஆயிற்று. எனக்குத் தெரிந்து காரணம் இவ்வளவுதான். 'ம்ர்த்வோ மோரே' என்ற தட்டு அடுத்த வருஷம் வெளிவந்தபோது குழு இல்லை.

அப்புறம் என்ன ஆனார்கள் என்பதுதான் உனக்கு நான் சொல்ல வந்தது. கோவாச் இசையமைப்பாளராகவும் தயாரிப்பாளராகவும் அந்த நாட்டின் முன்வரிசைக்குப் போனார். ஸ்த்ராவ்கோ சோலிச் என்ற பாடகர் எழுபதுகளில் பெரிய நட்சத்திரமானதற்குக் கோவாச் தந்த பாட்டுகளும் ஒரு முக்கியக் காரணம். போச்செக்கும் ஹ்ரெல்யாட்ஸும் ஃபுர்துயும் ஒலிப்பதிவுக் கூடங்களில் தேடப்படும் கைகளானார்கள். பெயாகோவிச் தனிப் பாடகராகக் கொடிகட்டிப் பறந்தார். அந்த ஆறு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து பழகிய கைகள்தான் இதையெல்லாம் செய்தன. ஆறும் வீண் என்று அவர்களில் யாராவது சொல்லியிருப்பார்களா? 1987-இல் பெல்கிரேடின் சாவா சென்டரில் பழைய குழுக்களைக் கூட்டி ஒரு கச்சேரி நடத்தினார்கள். இந்தெக்ஸி வந்தது, டைம் வந்தது, கோர்னி க்ரூபாவும் வந்தது. தோபிச்சும் கோவாச்சும் ஒரே மேடைக்கு வர எந்தத் தடையும் இருக்கவில்லை.

நல்லவேளை, அது 1987. அடுத்த நான்கே வருஷத்தில் நாடே உடைந்தது. போச்செக், தோபிச், பெயாகோவிச் மூவரையும் தந்த ஓசியெக் 1991-இல் குண்டுவீச்சில் சிக்கியது. அந்த நகரத்துப் பையன்கள் பெல்கிரேடில் போய் ஒரு குழுவில் சேர்வது ஒரு காலத்தில் சாதாரண விஷயமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. கோவாச் 2022-இல் பெல்கிரேடில் காலமானார்.

இசைக்கருவிகளை யார் எடுத்துக்கொள்வது, சேர்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபயரை என்ன செய்வது என்று உங்களுக்குள் பேச்சு வரும். பணத்தை முதலில் தெளிவாகப் பேசி முடித்துவிடுங்கள், நட்பு கெடாது. நீங்கள் பதிவு செய்து வைத்திருக்கும் பாட்டுகளை யாரும் அழிக்க வேண்டாம், ஆளுக்கொரு பிரதி இருக்கட்டும். எனக்கும் ஒன்று அனுப்பு. போன தடவை நீ ஃபோனில் வாசித்துக் காட்டிய அந்த நீண்ட பாட்டு முழுதாக எனக்கு வேண்டும். அம்மா பொடி வகைகள் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் தபாலில் வரும்.

அன்புடன்,
அப்பா