நிரம்பிய கண்மாய்களின் பட்டியல் போதாது

ஆசிரியருக்கு,

வைகையில் வெள்ளம் வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தில் எத்தனை கண்மாய்கள் நிரம்பின என்று செய்தி வருகிறது. அந்த நீரில் எவ்வளவு பயிருக்குப் போனது என்பது வருவதில்லை.

வெள்ளம் ஓடுவது சில நாள்தான். அதற்குள் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எவ்வளவு இழுக்கிறது என்பதே முதல் கணக்கு. அகலமான கால்வாயில் மண்மேவி நீரின் ஆழம் பாதியானால், வரத்து பாதியாகாது; மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சீமைக்கருவேலமும் நின்றால் கேட்கவே வேண்டாம். அளப்பது எளிது. நேரான 30 மீட்டர் தூரத்தில் பாதி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை மிதக்கவிட்டு நேரம் குறிக்கலாம். (காலி பாட்டிலைக் காற்று தள்ளிவிடும்.) மேல்நீர் சராசரியைவிட வேகமாக ஓடும் என்பதால், அந்த வேகத்தை 0.85-ஆலும் கால்வாயின் குறுக்குவெட்டுப் பரப்பாலும் பெருக்கினால் வரத்து தெரியும். வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் ஓடும் நீர், 2 ஏக்கரில் ஓரடி நிற்கும்.

அடுத்தது ஆவி. சராசரி 1.5 மீட்டர் ஆழமுள்ள கண்மாயில் தினம் 5 மி.மீ. போனால் 90 நாளில் 45 செ.மீ., அதாவது பத்தில் மூன்று பங்கு காலி. காய்ந்த நிலத்தில் மழையை நம்பி விதைத்த புழுதி விதைப்பு நெல் பூக்கும்போது மழை தவறினால் உடனே மடையைத் திறப்பதே சரி. பிறகு பார்க்கலாம் என்று மூடி வைப்பது வெயிலுக்குத்தான் லாபம்.

வயலில், நீர் வடிந்த இரண்டாம் நாள் 12 மி.மீ. இரும்புக் கம்பியைக் குத்திப் பார்க்கலாம். ஈரம் உள்ள மட்டும் இறங்கி, காய்ந்த மண்ணில் நிற்கும். தலைமடையில் ஒரு மீட்டரும் கடைமடையில் ஒரு சாணும் இறங்கினால் பங்கீட்டில்தான் கோளாறு. வேருக்குக் கீழே போன நீர் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள ஊரில் திரும்பக் கிடைக்கும். நிலத்தடி நீர் உப்பான கடலோரக் கிராமங்களில் அது போனது போனதுதான்.

வயலில் பெய்த மழையைத் தனியே கணக்கிட்டுக் கழிக்காமல் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் பார்த்தால், நல்ல மழை ஆண்டில் எந்தப் பாசனமும் திறமையானதாகவே தெரியும்.

ஒவ்வொரு கண்மாயிலும் மடையருகே அளவுகோல் நட்டு, தினமும் காலை 8 மணி அளவைப் பலகையில் எழுத வேண்டும். அதற்குமுன் உள்வாயை (கண்மாயில் நீர் நிற்கும் பரப்பை) மறுஅளவை செய்தாக வேண்டும். எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் என்று மண்மேவுவதற்கு முன் போட்ட கொள்ளளவு அட்டவணையை வைத்துக்கொண்டு அளவுகோலைப் படித்தால், இல்லாத தண்ணீருக்குப் பங்கு பிரிப்பதாகிவிடும்.

பாசனப் பொறியாளர்கள் சிலர்,
பரமக்குடி