உழைப்புக்கு டிக்கெட் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

விழா அமைப்புக் குழுவினருக்கும், என்னோடு நின்ற தன்னார்வலர்களுக்கும், ஒலி ஒளிக் குழுவுக்கும், மேடையேறிய கலைஞர்களுக்கும் வணக்கம்.

மேடையைப் பிரித்தாயிற்று. அரங்கத்தைப் பெருக்கிச் சாவியையும் ஒப்படைத்தாயிற்று. கடைசி இரவு ஆளுக்கொரு மூலையில் வேலையாக இருந்ததால் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல வாய்க்கவில்லை. அதுவும் உங்களில் பலர், நேரில் பாராட்டினால் உடனே பேச்சை மாற்றிவிடுகிறவர்கள். அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதியே சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, பணிப்பட்டியல் போட்ட ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு.

நான் வந்தது டிக்கெட்டுக்காகத்தான். பார்க்க ஆசைப்பட்ட நிகழ்ச்சிகள் அத்தனைக்கும் பணம் கட்ட எனக்கு வசதி இல்லை. ஒரு ஷிஃப்ட் வேலை செய்தால் ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் என்ற அறிவிப்பைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். அறிமுகக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேராவது என்னைப் போலத்தான் இருப்பார்கள். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எல்லோருக்கும் தயக்கம். கலைக்குத் தொண்டு செய்ய வந்தோம் என்று சொன்னால்தான் மதிப்பார்கள் என்ற எண்ணம். அக்கா வந்ததும் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “யார் யாருக்கு எந்த நிகழ்ச்சி பார்க்கணும்? அதை முதல்ல எழுதிக் கொடுங்க. வேலையை அப்புறம் பிரிச்சுக்கலாம்.”

சொன்னபடியே செய்தார். நாங்கள் கேட்ட நிகழ்ச்சிகளின் நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்ச நேரத்தில்தான் வேலை போட்டார். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஒரே நேரத்தில் பல அரங்குகளில் நிகழ்ச்சி நடக்கிறது. எல்லோரும் பார்க்க விரும்புவது மாலை நிகழ்ச்சிகளை. வாசலில் ஆள் அதிகம் தேவைப்படுவதும் அதே மாலையில்தான். இந்த முடிச்சை அவர் அவிழ்த்த விதம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. இரண்டு முறை நடக்கும் நாடகம் என்றால் ஒரு குழு முதல் காட்சியில் வாசலில் நிற்கும், மறு காட்சியில் உள்ளே உட்காரும். ஒரே முறை நடக்கும் கச்சேரி என்றால், அதைக் கேட்டவர்களுக்கு அரங்கத்துக்குள்ளேயே நிற்கும் பொறுப்பு. யாரும் விரும்பாத அதிகாலை வேலையை எடுத்தவர்களுக்கு, டிக்கெட்டைத் தேர்ந்தெடுப்பதில் முதல் உரிமை. பட்டியல் எத்தனை முறை மாறினாலும், மாறியது யாருக்கோ அவரைத் தானே கூப்பிட்டுச் சொன்னார். தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டதே இல்லை.

அமைப்புக் குழுவுக்கு ஒரு நன்றி தனியாக உண்டு. எங்களுக்குக் கொடுத்த டிக்கெட்டில் ‘இலவசம்’ என்று நீங்கள் அச்சிடவில்லை. பணம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த அதே டிக்கெட், அதே வண்ணம், இருக்கை எண்ணும் உண்டு. கடைசி வரிசையில் மீந்ததைத் தள்ளிவிடவும் இல்லை. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், ‘ஓசி’ என்று ஒருமுறையாவது பேர் வாங்கியவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவருக்கும் எனக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

அறிமுகக் கூட்டத்தில் பழைய தன்னார்வலர் ஐயா ஒருவர் பேசினார். பல வருடங்களாக இந்த விழாவோடு இருப்பவர். 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பெரிய சர்வதேச கலை விழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே போய்க் கிடைத்த இடங்களில் நாடகம் போட்டதையும், அதிலிருந்துதான் இன்றைய ஃப்ரின்ஜ் விழா வளர்ந்தது என்பதையும் சொன்னார். டென்மார்க்கில் 1971-இல் தொடங்கிய ரோஸ்கில்ட் விழாவைப் பற்றியும் சொன்னார். லாபநோக்கம் இல்லாத அந்த இசை விழாவை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள்தான் தூக்கி நிறுத்துகிறார்கள். அங்கேயும் குறித்த மணி நேரம் வேலை செய்தவருக்கு விழாவுக்குள் இடம் உண்டு. “நீங்க யாரோட விருந்தாளியும் இல்ல, இந்த விழாவை நடத்துறவங்க” என்று முடித்தார். ஐயா, அந்தப் பேச்சுக்கு நன்றி. அடுத்த நாள் வாசலில் நின்றபோது என் முதுகு நிமிர்ந்திருந்ததற்கு அதுவும் காரணம்.

வாசல் குழுவின் தலைவர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

டிக்கெட்டைக் கிழித்து ஆளை உள்ளே விடுவதுதான் வாசல் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அண்ணன் எங்களை முதலில் காலி அரங்கத்துக்குள் அழைத்துப்போய் அவசர வழிகள் ஒவ்வொன்றின் வழியாகவும் வெளியே நடக்க வைத்தார். விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் நடக்க வைத்தார். இருட்டில் எந்தப் படி காலை இடறும் என்று தெரியாதவர் இன்னொருவருக்கு எப்படி வழிகாட்டுவார் என்பது அவர் கேள்வி. டார்ச்சை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது, வருகிறவர் காலடியில்தான் வெளிச்சம் விழ வேண்டும். மேடையில் இருப்பவர் கண்ணில் படாமல் இருக்க, டார்ச்சின் மேல் பாதியைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். நடைவழியில் ஒரு பையைக்கூட விடக் கூடாது. உள்ளே போகிறவர்களை எண்ணுவது வசூலுக்காக மட்டும் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும்.

தாமதமாக வருகிறவர்களிடம் பேசுவதை அவர் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு பாடம். இரண்டு பாட்டுக்கு நடுவில்தான் கதவைத் திறப்போம் என்பது விதி. வந்தவர் கோபமாக இருப்பார், மூச்சு வாங்க ஓடி வந்திருப்பார். அண்ணன் முதலில் விதியைச் சொல்லவே மாட்டார். “வாங்க, இன்னும் பெரும்பகுதி பாக்கி இருக்கு. இந்தப் பாட்டு முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்” என்பார். காத்திருக்கும் நேரத்தில் அவர் இருக்கை எங்கே என்று படத்தில் காட்டிவிடுவார். கதவு திறந்ததும் அந்த ஆள் தடுமாறாமல் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவார். சக்கர நாற்காலியில் வந்தவருக்கும் கூட வந்த தோழிக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் இல்லை என்று தெரிந்தபோது, அண்ணன் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கழற்றக்கூடிய நாற்காலி எது என்று முன்பே பார்த்து வைத்திருந்தார். நிகழ்ச்சி தொடங்குமுன் அதைக் கழற்றி இடம் பண்ணிக் கொடுத்தார். அண்ணா, நீங்கள் சத்தம் போட்டு நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவ்வளவு கூட்டத்திலும்.

அப்புறம், ஒலிக் குழுவின் அக்கா. ஆள் குறைவாக இருந்த ஒரு நாள் என்னை அவரிடம் உதவிக்கு அனுப்பினார்கள். கேபிள் சுற்றுவதற்குக்கூட ஒரு முறை உண்டு என்று அன்றுதான் தெரியும். கையிலும் முழங்கையிலும் இழுத்துச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொண்டு கொஞ்ச நாளில் அறுந்துவிடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது திருப்பிக் கீழாக என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிய கேபிளைத் தூக்கிப் போட்டால் சிக்கில்லாமல் நேராக விரிகிறது. ஆள் நடக்கும் இடத்தில் கேபிள் போனால் முழு நீளத்துக்கும் டேப் ஒட்ட வேண்டும், அங்கங்கே ஒட்டினால் நடுவில் கால் மாட்டும். நிகழ்ச்சிக்கு முன் மைக்கையும் கருவிகளையும் சரிபார்க்கும் சவுண்ட் செக், கடைசியாகப் பாடப்போகிறவருக்குத்தான் முதலில் நடக்கும். முதலில் மேடையேறும் குழுவுக்குக் கடைசியில் பார்ப்பார்கள், அவர்களுடைய மைக்கும் கருவிகளும் அப்படியே மேடையில் இருந்துவிடும் என்பதால். காலி அரங்கில் எதிரொலித்த அதே குரல், ஆட்கள் நிறைந்ததும் அடங்கித் தெளிவாகிவிடுகிறது. மனித உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன என்று விளக்கினார். அதனால் முதல் பாட்டின்போது அவர் கை, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியை விட்டு நகரவே இல்லை. அவசரத்துக்கு நடுவிலும் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாரே, அந்தப் பொறுமைக்கு நன்றி. இனி எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அரங்கத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரையும் நான் கவனிப்பேன்.

அந்த அக்காவுக்கும் விளக்கு போட்டவர்களுக்கும் துப்புரவுக் குழுவுக்கும் விழாக் குழு சம்பளம் கொடுத்தது என்று கேள்விப்பட்டேன். அதற்காக எனக்குத் தனி மகிழ்ச்சி. பலருக்குப் பிழைப்பாக இருக்கும் ஒரு வேலையை டிக்கெட் கொடுத்து முடித்துக்கொள்வது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. வழிகாட்டவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் நாற்காலி போடவும் என்னைப் போன்றவர்கள் போதும். மின்சாரத்திலும் உயரத்திலும் கை வைக்கிறவர்கள் தொழில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களுக்குக் கூலியும் போய்ச் சேர வேண்டும். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொண்ட விழா இது. பணம் நெருக்கடியாக இருந்தபோதும் குழு அதை மாற்றவில்லை. பெருமையோடு சொல்கிறேன்.

தொலைந்த பொருள் மேசையில் இருந்த தம்பிக்கு நன்றி. ஒற்றைக் கையுறைக்குக்கூடச் சீட்டு எழுதி, கிடைத்த இடமும் நேரமும் குறித்து வைத்திருந்தான். டிக்கெட் சாளரத்தில் இருந்த அம்மாவுக்கும் நன்றி. வராமல் போனவர்களின் இருக்கைகளை நிகழ்ச்சி தொடங்கும் தறுவாயில் காத்திருப்போருக்குக் கொடுக்கும்போது, வரிசையில் யார் முன்னால் வந்தார் என்பது அவருக்கு முகத்தோடு நினைவிருந்தது. அரங்கத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அத்தனை நாளும் அத்தனை சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

பெயர் சொன்னால் வருத்தப்படுவார் என்பதால் பெயரில்லாமல் எழுதுகிறேன்: நடன நிகழ்ச்சியின்போது எனக்குப் பதிலாக வாசலில் நின்றவருக்கு. அந்த நடனத்தை நான் எவ்வளவு நாளாகப் பார்க்க ஏங்கினேன் என்று பேச்சுவாக்கில்தான் சொல்லியிருந்தேன். நேரம் மாறியதால் அது என் ஷிஃப்டிலேயே வந்து விழுந்தது. சரி, கிடைத்தது இவ்வளவுதான் என்று இருந்தேன். தொடங்குவதற்குச் சற்று முன் வந்து, என் தன்னார்வலர் மேல்சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, “போங்க, நான் பாத்துக்கறேன்” என்றீர்கள். உங்கள் ஷிஃப்ட் அப்போதுதான் முடிந்திருந்தது. கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டேன். அந்த ஒரு மணி நேரம் என் கண்ணில் இன்னும் இருக்கிறது. மேடையில் ஆடியவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேனோ, அவ்வளவு உங்களுக்கும்.

கலைஞர்களே, நீங்கள் எங்களை நடத்திய விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒத்திகைக்குக் கதவு திறந்த எங்களிடம் பெயர் கேட்டீர்கள், மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நாடகக் குழு ஒன்று, நிகழ்ச்சி முடிந்ததும் தங்கள் பொருள்களை எடுத்ததோடு நிற்காமல் நாற்காலிகளை அடுக்கவும் கை கொடுத்தது. அன்று எங்கள் வேலை நேரத்தோடு முடிந்தது.

கடைசியாகப் பிரிப்பு வேலைக் குழு. கைதட்டல் எல்லாம் முடிந்து ஊர் உறங்கப் போகும் நேரத்தில் தொடங்கும் வேலை அது. மறுநாள் முதலில் தேவைப்படுவது எது என்று பார்த்து, அதை வண்டியில் கடைசியாக ஏற்றுகிறீர்கள். எந்தப் பெட்டிக்குள் எது என்று வெளியே எழுதி ஒட்டுகிறீர்கள். மேடையில் நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்துக்கு ஒட்டிய டேப் துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தீர்கள். வாடகைக்கு வாங்கிய தரையில் ஒரு கறைகூட விடவில்லை. உங்கள் வேலைக்கு ஈடாகப் பார்க்க ஒரு நிகழ்ச்சிகூட மிச்சம் இல்லை, எல்லாம் முடிந்துபோயிருந்தது. அந்த டிக்கெட்டுகளை அடுத்த விழாவுக்கு எடுத்துவைப்பதாகக் குழு சொல்லியிருக்கிறது. தயவுசெய்து அதை மறக்காதீர்கள்.

ஒருங்கிணைப்பாளர் அக்கா, அடுத்த விழாவுக்குப் படிவம் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். விருப்பப் பணி என்ற இடத்தில் பிரிப்பு வேலை என்றுதான் எழுதப்போகிறேன். நடன நிகழ்ச்சிக்கு மட்டும் வாசலில் போடுங்கள். எனக்காக நின்றவர் அந்த முறை உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அன்போடும் நன்றியோடும்,
வாசல் குழுத் தன்னார்வலர்களில் ஒருவர்