அம்மாவின் போனை ஒரே இரவில் மாற்றிய அப்டேட்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்,
அம்மாவின் சார்பில்,
பெரம்பூர், சென்னை 600011.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
செல்போன் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: கேட்காமலே ஏறிய அப்டேட்டால் 74 வயதான என் அம்மாவால் போனை எடுக்கவும் அணைக்கவும் முடியாமல் போனது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்காக உங்கள் போன் ஒன்றை 13,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடையில் இருந்தவர் "மூணு வருஷத்துக்கு அப்டேட் வரும் மேடம்" என்றார். அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். அந்த போனை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்ற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இரவு, சார்ஜில் கிடந்த போன் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து நடந்ததை முழுதாக எழுதுகிறேன். உங்கள் சேவை எண்ணில் நான் மூன்று பேரிடம் பேசினேன். மூவருமே பாதியில் நிறுத்தி, "ஃபீட்பேக் எடுத்துக்கிட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இது ஃபீட்பேக் இல்லை, புகார்.

அம்மா பெரம்பூரில் தனியாக இருக்கிறார். நான் இருப்பது பள்ளிக்கரணையில். தினமும் காலை ஆறரைக்கு அழைப்பேன். மாத்திரை போட்டாரா, இரவு தூங்கினாரா, அவ்வளவுதான் பேச்சு. அன்று அழைத்தேன், மணி முழுதாக அடித்து நின்றது. குளிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை இரண்டு தடவை மணி அடித்ததும் கட் ஆனது. நான்காவது, ஐந்தாவதும் கட். அம்மா என் அழைப்பை ஒருநாளும் கட் செய்தவர் இல்லை. மேல் வீட்டு அக்காவை அழைத்தேன், அவரும் எடுக்கவில்லை. அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு கிண்டிக்கு ஓடி, மெட்ரோவில் சென்ட்ரல், அங்கிருந்து மின்சார ரயிலில் பெரம்பூர். அந்த ஒன்றரை மணி நேரம் என் மனதில் ஓடியதை எல்லாம் இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

கதவைத் திறந்த அம்மா கையில் போன். கண் கலங்கியிருந்தது. அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான்தான் ஏதோ தப்பா அழுத்திக் கெடுத்துட்டேன்மா."

அவர் எதையும் கெடுக்கவில்லை. மாற்றியது நீங்கள். ஆனால் குற்ற உணர்வு அவருக்கு. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லச் சொல்ல அவரே எழுதியது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அழகான கையெழுத்து. "போன் வந்தா பச்சை வட்டத்தை மேலே தள்ளணும்." "வெளியே வர நடுவில் உள்ள வட்டம். பின்னாடி போக இடது பக்கம் முக்கோணம்." "அணைக்க ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடிக்கணும், ரெண்டு எண்ணணும்." பக்கத்திலேயே பென்சிலால் படமும் வரைந்திருக்கிறார். கரன்ட் பில் கட்ட, பேரனுடன் வீடியோ கால் பேச, கேஸ் புக் செய்ய என்று மொத்தம் 46 பக்கம்.

நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு விதி: "தெரியாத பக்கம் வந்தா எதையும் தொடாதே. மகளுக்குப் போன் பண்ணு." கீழே 1930 என்று சைபர் குற்ற உதவி எண். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பெரியவர்களின் சேமிப்பை வழித்தெடுக்கும் கூட்டம் பெருகிய பிறகு நான் எழுதச் சொன்னது.

அந்தப் புதன்கிழமை காலை, அம்மா இந்த விதிப்படிதான் நடந்திருக்கிறார். என் அழைப்பு வந்தபோது திரை பழைய திரையாக இல்லை. மேலே தள்ளும் பச்சை வட்டம் போய், பக்கவாட்டில் இழுக்கும் பட்டை ஒன்று வந்திருக்கிறது. வலப்பக்கம் இழுத்தால் எடுக்கும், இடப்பக்கம் இழுத்தால் கட் ஆகும். தெரியாத பக்கம், அதனால் தொடவில்லை. இரண்டு முறை மணி முழுதாக அடித்தது அதனால்தான். சரி, மகளுக்கு நாமே பண்ணுவோம் என்று பார்த்தால், கீழே இருந்த மூன்று பொத்தான்களும் காணோம். விரலால் ஓரத்திலிருந்து தள்ளும் முறைக்கு நீங்கள் மாற்றிவிட்டீர்கள். அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வர அவருக்கு வழியே இல்லை. அப்புறம் நான் மறுபடி மறுபடி அழைத்தபோது, பயந்து எதையோ இழுத்திருக்கிறார், கட் ஆகியிருக்கிறது.

அந்தப் பட்டையின் இரு முனையிலும் எழுத்தாவது இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது, அதனால் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருக்கிறோம். மொழி தமிழ். ஒரு முனையில் "அழைப்பை ஏற்கவும்", மறு முனையில் "அழைப்பை நிராகரிக்கவும்" என்று வரவேண்டும். பெரிய எழுத்தில் அவ்வளவும் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுகிறது. திரையில் தெரிவது என்ன தெரியுமா? இடப்பக்கம் "அழைப்பை…". வலப்பக்கமும் "அழைப்பை…". எடுப்பதற்கும் கட் செய்வதற்கும் ஒரே சொல். படம் எடுத்து இணைத்திருக்கிறேன், பாருங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும், நீங்கள் வெட்டுவதும் கடைசியைத்தான். தமிழை மொழிப் பட்டியலில் சேர்த்தவர்கள், பெரிய எழுத்து வசதியைக் கொடுத்தவர்கள், இரண்டையும் ஒன்றாக வைத்து ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா? "எடு", "வேண்டாம்" என்று போட்டிருந்தால்கூட இடம் மிச்சமிருந்திருக்கும்.

அடுத்தது அந்த ஓரத்துப் பொத்தான். அழுத்திப் பிடித்தால் இப்போது போன் அணையவில்லை, குரல் உதவியாளர் வந்து பேசச் சொல்கிறது. போனை அணைக்க வேண்டுமானால் பவர் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது கையில் இருந்த பழைய போனை அம்மா அணைத்து வைத்து, காலையிலும் மாலையிலும் மட்டும் போட்டு, டவர் கிடைத்தபோது "நல்லா இருக்கேன், மாடியில இருக்கேன்" என்று இரண்டே வார்த்தை சொல்லுவார். சார்ஜ் அப்படித்தான் மிஞ்சியது. உங்கள் போனை வாங்கியதும் நான் முதலில் எழுத வைத்த பக்கமே அணைப்பது எப்படி என்பதுதான். மழைக்காலம் நடுவில் அந்தப் பக்கத்தைப் பொய்யாக்கிவிட்டீர்கள்.

இன்னொன்று. இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். பூட்டுத் திரையில் அப்பாவின் படம் இருந்தது. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், காலமாகி நான்கு வருடம் ஆகிறது. காலையில் போனை எடுத்ததும் அந்த முகத்தைப் பார்ப்பது அம்மாவுக்கு வழக்கம். அப்டேட்டுக்குப் பின் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் படம்: கடன் விளம்பரம், நடிகை செய்தி, ஏதோ விளையாட்டு. "அப்பா படம் அழிஞ்சு போச்சா?" என்று கேட்டார். அழியவில்லை, நீங்கள் மேலே வேறொன்றை ஒட்டியிருக்கிறீர்கள். அதை நிறுத்தும் இடத்தை அமைப்புகளுக்குள் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே கால் மணி நேரமானது.

அப்டேட் முடிந்ததும் "பரிந்துரைக்கப்படும் செயலிகள்" என்று ஒரு பக்கம், எல்லாக் கட்டத்திலும் முன்கூட்டியே டிக். வெளியே வரத் தெரியாத அம்மா "தொடர்க" அழுத்தியிருக்கிறார். பதினோரு செயலிகள் ஏறி, 64 ஜிபி போன் நிரம்பிவிட்டது. நவம்பர் மாதம் அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். போன வருடம் ஜீவன் பிரமாண் முறையில் வீட்டில் இருந்தபடி போனில் முகத்தைக் காட்டியே முடித்தோம். 2014இல் தொடங்கிய திட்டம் அது, முகத்தை வைத்துச் சான்று தரும் வசதி 2021இல் வந்தது. அம்மாவைப் போன்றவர்களின் அலைச்சலைக் குறைக்கத்தான் வந்தது. இந்த வருடம் அதற்கான செயலியை ஏற்ற போனில் இடமில்லை. அரை நாள் லீவு போட்டு வங்கிக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

அண்ணா நகரில் உள்ள உங்கள் சேவை மையத்துக்கும் போனோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம். அங்கிருந்த தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்றார். மூன்று பொத்தான்களை அமைப்புகளில் போய் அவரே திரும்பக் கொண்டுவந்தார், பவர் பொத்தானையும் பழையபடி மாற்றினார். அந்த வசதிகள் போனுக்குள்ளேயே இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. இருந்தும் ஏன் அம்மா வைத்திருந்ததை வைத்திருந்தபடி விடவில்லை? அழைப்பை எடுக்கும் திரையை மட்டும் அவராலும் மாற்ற முடியவில்லை. "கொஞ்ச நாள்ல பழகிடுவாங்க மேடம்" என்றார்.

அந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நானும் நீங்களும் திரையைப் படித்து போனைப் பயன்படுத்துகிறோம். பொத்தான் இடம் மாறினால் தேடிக் கண்டுபிடித்துவிடுவோம். அம்மா படித்துப் பயன்படுத்துவதில்லை. அவர் கை பயன்படுத்துகிறது. எந்த மூலையில் எது என்று விரல் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் வர அவருக்கு இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அவரே சொன்னார்: "அஞ்சறைப் பெட்டில யாரோ ராத்திரி வந்து எல்லாத்தையும் மாத்தி வச்சிட்டுப் போன மாதிரி இருக்கு. நான் என் அடுப்படியிலயே முழிக்கிறேன்."

இப்போது போன் அடித்தால் அம்மா உடனே எடுப்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் பார்த்து யோசிப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது. கரன்ட் பில்லை என்னையே கட்டச் சொல்லிவிட்டார். போன மாதம் வரை பேரனுக்கு அவராகவே வீடியோ கால் போடுவார், இப்போது நான் வந்தால் போட்டுத் தரச் சொல்கிறார். யாரையும் எதிர்பார்க்காமல் இருந்த ஒரு மனுஷி, தன்னால் முடியாது என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் கண்டிப்பாக வேண்டும். வங்கிக் கணக்கு இருக்கும் போனுக்கு அது இல்லாமல் ஆகாது. அதைத் தாராளமாக இரவில் போடுங்கள். ஆனால் பொத்தானின் இடத்தையும் நிறத்தையும் இழுக்கும் திசையையும் மாற்றுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பாதீர்கள். தோற்றத்தை மாற்றுவதென்றால் முன்கூட்டியே கேளுங்கள், தமிழில் கேளுங்கள், "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்" என்று சொல்ல ஒரு பொத்தான் கொடுங்கள். அழைப்பை எடுக்கும் பழைய முறையை ஒரு தேர்வாகவாவது திருப்பித் தாருங்கள், இதுதான் எனக்கு முதன்மையானது. வெட்டுப்படும் தமிழ்ச் சொற்களை, எழுத்தளவை உச்சத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். பூட்டுத் திரையில் வாடிக்கையாளர் வைத்த படத்தின்மேல் கை வைக்காதீர்கள். செயலிப் பட்டியலில் டிக் போடும் வேலையை எங்களிடமே விடுங்கள்.

கைபேசி போன்ற பொருள்களை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் தொடுத்த வழக்கு அது. அம்மாவின் நிலை அவர்களுடைய நிலை அல்ல, ஆனாலும் அந்தத் தீர்ப்பின் அக்கறை அம்மாவுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். அதன் பிறகும் தீரவில்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பணம் கேட்டு இல்லை, அந்தத் திரையைக் கேட்டு.

திரையின் படம் இரண்டு, சேவை மைய ரசீது, அம்மாவின் நோட்டில் ஆறு பக்கங்களின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நோட்டுப் பக்கங்களை உங்கள் வடிவமைப்புப் பிரிவில் இருப்பவர்களிடம் கொடுங்கள். அதில் அடித்துத் திருத்தியிருக்கும் இடமெல்லாம் அப்டேட்டுக்குப் பிறகு அடித்தது.

பதிலை அம்மாவின் முகவரிக்கே அனுப்புங்கள். தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில். அவர்தான் படிப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகள்