இரவில் முடிவெடுக்க எங்களுக்கும் அனுமதி கொடுங்கள்

நீலகிரி ஆய்வகங்களின் விலங்கு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாகச் சோதனை விலங்குகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் கால்நடை டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். கூண்டு மாற்றுவது, எடை போடுவது, ஊசி போடுவது, கடைசியில் வலியில்லாமல் உயிரை முடிப்பது, எல்லாம் இந்தக் கைகள்தான்.

சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த நாய்க்கடி மருந்து அது. 1907-இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு விலங்குகள் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். அந்த விலை தேவைக்கு மேல் ஒரு துளிகூடப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

இந்த மலையிலேயே முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தை மாதம், ராத்திரி, வெளியே உறைபனி. மூட்டுவாத மருந்துச் சோதனையில் இருந்த ஒரு வெள்ளை எலி. கூண்டில் மற்ற இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்க, இது மட்டும் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. ரோமம் சிலிர்த்திருந்தது. கண்ணைச் சுற்றிச் சிவப்பு. புதிதாக வருபவர்கள் ரத்தம் என்று பயப்படுவார்கள். ரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நீர். நல்ல எலி அதை உடனே துடைத்துவிடும். வேதனையில் இருக்கும் எலி துடைக்காது. எடை போட்டேன். போன வாரம் 250 கிராம், அன்று 196.

ஆராய்ச்சியாளருக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். கால்நடை டாக்டர் கோயம்புத்தூரில். போனில் கேட்டதற்கு, "ஆராய்ச்சியாளர் சொல்லாமல் தொடாதீங்க தம்பி" என்றார். அங்கிருந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த தாளில் "கடும் வேதனை தென்பட்டால் நிறுத்தப்படும்" என்று ஒரே வரி. எது கடுமை, யார் சொல்வது? வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்கு இறந்தது. காலையில் ஆராய்ச்சியாளர் வருவதற்குள் திசு கெட்டுப்போய், ஆய்வுக்கும் உதவவில்லை.

விலங்குச் சோதனைகளுக்கான 1998 விதிகளின்படி உங்கள் குழுவில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், கால்நடை மருத்துவர் இருக்கிறார், அறிவியல் துறை சாராத ஒருவரும் இருக்கிறார். ராத்திரி கூண்டைப் பார்ப்பவன் இல்லை. சரி, நாற்காலி கேட்கவில்லை. ஒவ்வொரு ஒப்புதல் தாளிலும் நிறுத்தவேண்டிய கட்டத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்களாக எழுதச் சொல்லுங்கள்: எடை எத்தனை சதவீதம் குறைந்தால், எத்தனை மணி நேரம் தீனி எடுக்காவிட்டால், எழுந்து நிற்க முடியாவிட்டால் என்று. அந்தக் கட்டம் வந்து, ஆராய்ச்சியாளரும் கிடைக்கவில்லை என்றால், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் டாக்டரிடம் போனில் கேட்டு அந்த விலங்கின் உயிரை வலியில்லாமல் முடிக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். அப்புறம், புதுச் சோதனைக்கு ஒப்புதல் தரும் முன் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள்.

என் பதிவு நோட்டு தயாராக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை டெக்னீஷியன், குன்னூர்