அம்மாவின் அல்பங்கள்

கொழும்பு – 06

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவை லண்டனுக்குக் கூட்டிப்போக ஒழுங்காகிவிட்டது என்று அறிந்து சந்தோஷம். வெள்ளவத்தை வீட்டை ஒதுக்கும்போது அல்பங்களைப் போனில் படமெடுத்துவிட்டு எறியலாமா என்று கேட்டிருந்தாய். எறியாதே.

எங்கள் சனம் எடுத்த படங்களில் பாதி இன்னொருவருக்கு அனுப்புவதற்கென்றே எடுத்தவை. பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படம் வெளிநாட்டில் இருக்கும் மாமனுக்கு. ஸ்டூடியோப் படம் கலியாணப் பேச்சுக்கு. செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று எடுத்தது வரமுடியாமல் போன பிள்ளைகளுக்கு. 1983 யூலைக் கலவரத்தில் இங்கே வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் கையில் அகப்பட்டதைத்தான் தூக்கினார்கள். பல குடும்பங்களிடம் இன்று மிஞ்சியிருப்பது கடிதத்தோடு எங்கோ போய்த் தப்பிய பிரதி. அதுவும் இல்லாதவர்கள் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, செத்தவருக்கு அச்சிடும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் போடுகிறார்கள். நாலு வீட்டில் இருக்கும் படம்தான் தப்பும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரதி எடுப்பதற்கு முதல் ஒரு வேலை: அம்மாவை இருத்திப் பெயர்களைக் கேள். மற்றதெல்லாம் பிறகும் செய்யலாம், இதைப் பிறகு செய்ய முடியாது. இடமிருந்து வலமாக முழுப்பெயர், ஊர், ஆண்டு. ஆண்டு தெரியாவிட்டால் ‘சுமார் 1978’. ‘பெரியம்மா’ என்று மட்டும் எழுதினால் உன் பேரப்பிள்ளைக்கு அது யாருடைய பெரியம்மா என்று விளங்காது. பேனை வேண்டாம், மை மறுபடத்தில் ஒட்டும். மெதுவான 2பி பென்சிலால், படத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்க ஓரத்தில் எழுது. அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். கலர் படங்களின் பின்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு, பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு உறையின் மேல் எழுதி, மை காய்ந்த பிறகு படத்தை உள்ளே வை.

பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக் விரிப்பும் உள்ள அல்பங்கள்தான் மோசம். காலம் போகப் பசை மஞ்சளாகி இறுகும், பிளாஸ்டிக் படத்தோடு ஒட்டும். பிடுங்காதே. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படமெடு, எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தடயம். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு, வாள் அறுப்பதுபோல் மெல்ல இழு. மசியாவிட்டால் விட்டுவிடு, பக்கத்தோடே ஸ்கான் செய்யலாம்.

4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், 2400×3600 பிக்சல் வரும். அடையாள அட்டை அளவுப் படமென்றால் 1200. ஸ்கான் செய்த கோப்பில் பதிவது ஸ்கான் செய்த திகதிதான். ஆகவே கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் ஆட்களையும் எழுது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்பு. ஆனால் போனில் எடுத்த புதுப்படத்தை அப்படி அனுப்பினால் எடுத்த இடத்தின் விபரமும் கூடவே போகலாம், பிள்ளைகளின் படங்களில் கவனம்.

சாமத்தியவீட்டுப் படங்களைக் குடும்பக் குழுவில் போட முன் அந்தப் பெண்களிடம் கேட்டுவிடு. இன்று அவர்கள் ஐம்பது வயதுக்காரர் என்றாலும் அது அவர்களுடைய படம்.

சாமி அறையில் தொங்கும் தாத்தாவின் படத்தைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கற்பூரப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் ஒருபக்கம். கொழும்பின் ஈரலிப்பில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டுவது மறுபக்கம். ஒட்டியிருந்தால் இழுக்காமல் கண்ணாடியோடே ஸ்கான் செய்வோம். சுவரில் பிரதியை மாட்டலாம். லாமினேட் செய்ய மட்டும் விடாதே, பிறகு பிரிக்கவே முடியாது.

மூலப்படங்கள் உன்னோடு லண்டனுக்கே வரட்டும், அங்கத்தைய காற்று இதைவிட நல்லது. ஒரு பிரதி என் டிஸ்கில், ஒன்று கனடாவில் தங்கச்சியிடம். ஸ்கானர் என்னிடம் இருக்கிறது. நீ வரும்போது அமிலமில்லாத கடதாசி உறைகள் வாங்கி வா, 4×6ஐவிடச் சற்றுப் பெரிதாக.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்