'அஃப்ரெய்ட்' வினைச்சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் 'அஃப்ரெய்ட்' என்ற சொல்லுக்குப் 'பயப்படு' என்று பொருள் தந்திருந்தீர்கள். பிழைகள் கிளம்புவதே அங்கிருந்துதான். அது வினைச்சொல் அல்ல, பெயரடை. 'பயப்படு' என்று மனப்பாடம் செய்தவர் 'ஐ அஃப்ரெய்ட்', 'டோன்ட் அஃப்ரெய்ட்' என்றுதான் எழுதுவார். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்', 'டோன்ட் பி அஃப்ரெய்ட்' என்பவையே சரி. பெயரடையாக இருந்தும் பெயருக்கு முன்னால் இது நிற்காது; 'அஃப்ரெய்ட் சைல்ட்' தவறு, 'ஃப்ரைட்டண்ட் சைல்ட்' என்க. ('அச்சுறுத்து' என்ற பொருளில் வழங்கிய 'அஃப்ரே' என்னும் பழைய வினையிலிருந்து வந்த சொல் இது. அந்த 'அஃப்ரே' இன்று பொது இடத்து அடிதடியைக் குறிக்கும் சட்டச் சொல்லாக எஞ்சியிருக்கிறது.)

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அடுத்து வரும் 'ஃபார்' (for), 'ஆஃப்' (of) போன்ற முன்னிடைச் சொல்லில். 'நாய்க்குப் பயம்' என்று தமிழில் நினைத்து 'அஃப்ரெய்ட் ஃபார் த டாக்' என்று எழுதினால், நாய்க்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படுவதாகப் பொருள் வரும். நாயைக் கண்டு பயம் என்றால் 'அஃப்ரெய்ட் ஆஃப் த டாக்'. வினையோடு சேரும்போதும் வேறுபாடு உண்டு. 'அஃப்ரெய்ட் டு ஜம்ப்' என்றால் பயத்தால் குதிக்கத் தயங்குகிறார். 'அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்' என்றால் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். தவறி விழுவது நாம் முடிவெடுத்துச் செய்வதல்ல, ஆகவே அங்கே 'டு' பொருந்தாது.

தங்கள் குறிப்பு தொடாமல் விட்ட இன்னொரு பயன்பாட்டில் அச்சமே இல்லை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் த டாக்டர் இஸ் அவுட்' என்று வரவேற்பாளர் சொன்னால், 'மன்னிக்கணும், டாக்டர் வெளியே போயிருக்கிறார்' என்றே கொள்ள வேண்டும். இதைப் 'பயப்படுகிறேன்' என்று பெயர்ப்பது அபத்தம். முடிந்துபோன அல்லது உறுதியான கெட்ட செய்தியென்றால் பெரும்பாலும் வருத்தம். இனி நேரக்கூடியதென்றால் உண்மையான அச்சமாகவும் இருக்கலாம், இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 'ஐ ஆம் நாட் அஃப்ரெய்ட்' என்பது 'எனக்குப் பயமில்லை'. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்' என்பதோ 'இல்லைங்க' என்ற பணிவான மறுப்பு. ஒரு சொல் இடம் மாறியதில் பொருளே வேறாகிவிடுகிறது.

அடுத்த பகுதியில் 'பயந்திருக்கிற' என்று பொருளைத் திருத்தி, 'ஆஃப்' சேர்ந்த எடுத்துக்காட்டு ஒன்றையும், மன்னிப்புத் தொனியில் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் வாசகர்