கதவுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

உன் அலமாரியை ஒழித்து வைக்கும்போது ஒரு குறுந்தகடு கிடைத்தது. 'வேவ் ஆஃப் மியூட்டிலேஷன்: பெஸ்ட் ஆஃப் பிக்ஸீஸ்'. உனக்குப் பிடித்த அமெரிக்க ராக் இசைக்குழு பிக்ஸீஸின் பாட்டுத் தொகுப்பு. பெட்டியின் மூலை உடைந்திருக்கிறது. தட்டில் கீறல் இல்லை. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் போட்டேன். இந்த வாரத்தில் 23 பாட்டையும் நான்கு முறை கேட்டாகிவிட்டது. அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

நீ பள்ளியில் படித்தபோது "சத்தத்தைக் குறை" என்று உன் அறைக் கதவை எத்தனை தடவை தட்டியிருப்பேன்! எனக்குத் தெரிந்த பிக்ஸீஸ், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட பிக்ஸீஸ்தான். திடீரென்று ஒருவர் அலறுவார். பிறகு ஒன்றுமே இருக்காது. மறுபடியும் அலறுவார். அந்த ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. 'டேம்' பாட்டில் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸ் ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுக்கிறார். கிம் டீலின் பேஸ் கிட்டார் மூன்றே சுரங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மூடிய கதவைத் தாண்டி அதெல்லாம் எப்படி வரும்? அலறல் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

அந்த அடக்கமும் வெடிப்பும்தான் அவர்களுடைய வித்தையே என்கிறார்கள். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' எழுதியபோது பிக்ஸீஸைக் காப்பியடிக்கத்தான் பார்த்தேன் என்று நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனே 1994இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1986இல் பாஸ்டனில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேடி பிக்ஸீஸ் கொடுத்த விளம்பரத்திலேயே அது இருந்திருக்கிறது: ஹஸ்கர் டூவும் பிடிக்க வேண்டும், பீட்டர், பால் அண்ட் மேரியும் பிடிக்க வேண்டும். முதல் குழு காதைக் கிழிக்கும் ரகம், மற்றது தாலாட்டு ரகம். இந்தப் பொருத்தத்துக்கு வந்தது கிம் டீல் ஒருவர்தான், அதுவும் கையில் பேஸ் கிட்டார் இல்லாமல்.

'வேர் இஸ் மை மைண்ட்' பாட்டில் பின்னால் ஆவிபோல் மிதக்கிறதே ஒரு குரல், அதுவும் அவருடையதுதான். இயல்பான எதிரொலி வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பீனி அவரை ஸ்டூடியோவின் குளியலறையில் பாடவைத்துப் பதிவு செய்தாராம். நீயும் குளியலறையில்தான் பாடுவாய். அந்தக் கதவையும் நான்தான் தட்டினேன்.

இதுபோன்ற தொகுப்புகளை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. பிரிந்துபோனவர்கள் 2004இல் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள், கையோடு இந்தத் தட்டும் வந்துவிட்டது. 1997இலேயே வேறொரு தொகுப்பு வந்திருந்ததே, இது எதற்கு? வியாபாரம்தான். ஆனாலும் 'வேர் இஸ் மை மைண்ட்' என்ற ஊரறிந்த பாட்டை முதலில் வைக்காமல் பதினைந்தாவதாக ஒளித்துவைத்தவர்களுக்கு என் மரியாதை உண்டு. முதலில் வருவது 'போன் மெஷின்'. வெறும் டிரம்ஸ், அப்புறம் பேஸ், அதற்குப் பிறகுதான் கிட்டார். ஒவ்வொருவராக அறைக்குள் நுழைவதுபோல் இருக்கிறது. தாமதமாக வந்த என்னைப் போன்றவனுக்கு அது வசதியாக இருந்தது.

அதற்கடுத்த மூன்று பாட்டுகளில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 1987இல் மூன்றே நாளில் 17 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றில் எட்டுப் பாட்டுகள்தான் அவர்களுடைய முதல் வெளியீடு, 'கம் ஆன் பில்கிரிம்'. இந்த மூன்றும் அதில் உள்ளவை. அந்தப் பதிவுக்கு ஆன 1000 டாலரைக் கொடுத்தவர் ஃபிரான்சிஸின் அப்பா. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பையனுக்கு!

கிட்டாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று நீ கேட்டாய். தேர்வு முடியட்டும் என்றேன். தேர்வு முடிந்தது. நீயும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த மூன்றில் ஒன்றான 'கேரிபூ' பாட்டு வந்தால் இப்போதெல்லாம் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

அடுத்து முழுத்தொகுப்பாக எதைக் கேட்கலாம், 'சர்ஃபர் ரோசா'வா, 'டூலிட்டில்'லா? உனக்குப் பிடித்ததைச் சொல்.

உன் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இரண்டு தந்திகள் அறுந்திருக்கின்றன: மேலிருந்து எண்ணினால் முதலாவதும் நான்காவதும். கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா